களிமண் சாலைக்குச் சுண்ணாம்பு வைத்தியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழையில் சேறாகிச் சக்கரத்தை விழுங்கும், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். அப்படிப்பட்ட களிமண்மேல் போட்ட கிராமச் சாலையைத் திரும்பப் போடும்போது இரண்டு வழிகள் உண்டு. அந்த மண்ணை வாரி எறிந்துவிட்டு வேறு மண் கொண்டுவரலாம், அல்லது இருக்கிற மண்ணிலேயே சுண்ணாம்பு கலந்து அதைத் தேற்றலாம். இரண்டாவது வழியைப் பற்றி வேலை எடுப்பவர்களும் மேற்பார்வை செய்பவர்களும் ஊர்க்காரர்களும் கேட்கிற கேள்விகள் இவை.

சுண்ணாம்பு மண்ணை ஒட்டவைக்கிறதா?

முதலில் ஒட்டவைப்பதில்லை. மண்ணின் குணத்தை மாற்றுகிறது. ஒட்டும் வேலை பிறகுதான், மெதுவாகத்தான் நடக்கும்.

களிமண் துகள் என்பது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடு. அதன் முகத்தில் எதிர்மின்னூட்டம் இருக்கும். அதைச் சமன்செய்யச் சோடியம், பொட்டாசியம் போன்ற அயனிகள் சுற்றிலும் வந்து நிற்கும். அவற்றோடு தடித்த நீர்ப்படலம் ஒன்றும் சேர்ந்துகொள்ளும். களிமண் வழுக்குவதும் ஊதிப் பெருப்பதும் இந்த நீர்ப்படலத்தால்தான். சுண்ணாம்பைக் கலந்ததும் கால்சியம் அயனிகள் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கின்றன. நீர்ப்படலம் சுருங்குகிறது. தகடுகள் ஒன்றையொன்று நெருங்கிச் சிறு சிறு திரள்களாகச் சேர்கின்றன. இது சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும். காலையில் மண்வெட்டியை விட்டு அகலாமல் பிசுபிசுத்த மண், மறுநாள் கையில் எடுத்தால் பொலபொலவென உதிரும். இன்னும் பலம் வந்திருக்காது. ஆனால் அதை வைத்து வேலை செய்ய முடியும்.

இரண்டாவது வேலை மெதுவானது. போதுமான சுண்ணாம்பு இருந்தால் மண்ணின் பி.எச்., அதாவது காரத்தன்மையைக் காட்டும் எண், 12.4 வரை ஏறும். அந்தக் காரத்தில் களிமண்ணிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் கரையத் தொடங்கி, கால்சியத்தோடு சேர்ந்து கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட், கால்சியம் அலுமினேட் ஹைட்ரேட் என்ற பிணைப்புப் பொருட்களாகின்றன. சிமெண்டு இறுகும்போது உருவாவதும் இதே குடும்பம்தான். ஒரு பெரிய வித்தியாசம்: சிமெண்டு தனக்கு வேண்டிய சிலிக்காவைத் தன்னோடு கொண்டுவருகிறது, சுண்ணாம்பு அதை மண்ணிடம் வாங்குகிறது. அதனால்தான் எதிலும் மண் எது என்பதே முதல் கேள்வி. இந்த இறுக்கம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில், சில மண்களில் வருடக்கணக்கில் கூடிக்கொண்டே போகும்.

எந்தச் சுண்ணாம்பு? கடையில் மூன்று நான்கு வகை சொல்கிறார்களே.

சாலைக்கு ஆவது இரண்டுதான். ஒன்று சுட்ட சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஆக்சைடு. இன்னொன்று அதை நீர் விட்டு நீற்றிய தூள், அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு.

வயலுக்குப் போடும் சுண்ணாம்புக்கல் தூள் இதற்கு உதவாது. அது சுடப்படாத கால்சியம் கார்பனேட். தண்ணீரில் அனேகமாகக் கரையாது, பி.எச்-ஐ 12-க்கு மேல் தூக்கவும் அதால் முடியாது. பார்வைக்கு அதுவும் வெள்ளைத் தூள்தான், மூட்டையும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் கொள்முதலில் ‘சுண்ணாம்பு’ என்று மட்டும் எழுதி அனுப்பாமல் எந்த வகை, எத்தனை சதவீதம் பயன்படும் சுண்ணாம்பு என்று எழுதி, வந்த சரக்கைச் சோதித்தும் வாங்க வேண்டும். இதைச் செய்யாமல் மண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை.

சுட்ட சுண்ணாம்புக்குக் கொஞ்சம் வீரியம் கூடுதல். 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு 18 கிலோ நீரை இழுத்துக்கொண்டு 74 கிலோ நீற்றிய சுண்ணாம்பாகிறது. அதாவது 100 கிலோ நீற்றிய தூள் செய்யும் வேலையை ஏறத்தாழ 76 கிலோ சுட்ட சுண்ணாம்பு செய்துவிடும். ஏற்றுக்கூலி மிச்சம். நீற்றும்போது எழும் வெப்பம் சொதசொதவென்று இருக்கும் மண்ணை உலர்த்தவும் உதவும். ஆனால் வறண்ட மண்ணில் அதற்கு நிறையத் தண்ணீர் விட வேண்டும். கையாள்பவருக்கு ஆபத்தும் அதிகம். ஆட்களை வைத்துக் கையால் பரப்பும் சிறு வேலைகளுக்கு நீற்றிய தூளே நல்லது என்பது என் கருத்து.

எல்லா மண்ணுக்கும் இது ஒத்துவருமா?

வராது. களி இருக்க வேண்டும். ஆய்வகத்தில் பிளாஸ்டிசிட்டி இண்டெக்ஸ் என்று ஓர் எண் தருவார்கள். மண் எவ்வளவு ஈர வரம்புக்குள் பிசைகிற பதத்தில் இருக்கும் என்பதன் அளவு அது. அந்த எண் 10-க்கு மேலும், 0.075 மி.மீ. சல்லடையில் இறங்கும் நுண்துகள் 25 சதவீதத்துக்குக் குறையாமலும் இருந்தால் சுண்ணாம்பைப் பற்றி யோசிக்கலாம். கரிசல் போன்ற ஊதும் மண்களில் இதன் பலன் நன்றாகத் தெரியும்.

ஆய்வகத்துக்குப் போகும் முன் ஒரு கைச்சோதனை செய்து பார்க்கலாம். ஈரமண்ணைக் கண்ணாடித் தட்டின்மேல் உள்ளங்கையால் உருட்டி, 3 மி.மீ. தடிமனுக்கு நூலாகத் திரிக்க வேண்டும். உடையாமல் நீண்ட நூலாக வந்து, மடித்துத் திரும்பத் திரும்ப உருட்டினாலும் தாக்குப்பிடித்தால் களி நிறைய இருக்கிறது. நூலாகவே வராமல் நொறுங்கினால் அது மணலோ வண்டலோ. அதற்குச் சுண்ணாம்பு மட்டும் போதாது.

இலை தழை மக்கிக் கறுத்த மேல்மண்ணும் ஆகாது. மக்கு ஒரு சதவீதத்தைத் தாண்டினாலே அது சுண்ணாம்பைத் தின்றுவிட்டு இறுக்கத்தைத் தடுக்கும். அந்த மேல்மண்ணைச் சுரண்டி ஒதுக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். கறுப்பாக இருப்பதெல்லாம் மக்கு என்றும் முடிவுகட்டிவிடக் கூடாது. கரிசலின் கறுப்பு வேறு.

சல்பேட் இருந்தால் போடக் கூடாது என்கிறார்களே, ஏன்?

இதைக் கவனிக்காமல் விட்டால் நன்மை செய்யப் போய்ச் சாலையை நாமே கெடுத்ததாகிவிடும். மண்ணில் ஜிப்சம் போன்ற சல்பேட் உப்பு இருந்தால் அது சுண்ணாம்பின் கால்சியத்தோடும் களியின் அலுமினாவோடும் நீரோடும் சேர்ந்து எட்ரிங்கைட் என்ற ஊசி ஊசியான படிகமாக வளரும். ஏராளமான நீரைத் தன் உடலுக்குள் அடக்கிக்கொள்ளும் படிகம் அது. கெட்டிப்படுத்திய அடுக்குக்குள் அது வளர இடம் ஏது? சாலையை மேலே தூக்கிவிடும்.

அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் ஸ்டூவர்ட் அவென்யூ என்ற சாலையில் நடந்தது இதுதான். 1970-களில் சுண்ணாம்பு கலந்து போட்ட அடித்தளம், முதலில் ஒரு குறையும் தெரியாமல் இருந்துவிட்டு, ஓரிரு வருடங்களில் வீங்கி எழுந்து விரிந்தது. மண்ணியல் பொறியாளர் ஜேம்ஸ் மிட்செல் 1986-ல் வெளியான தன் டெர்சாகி நினைவுச் சொற்பொழிவில் இதை விரிவாக அலசினார். அதன் பிறகுதான் சல்பேட் சோதனையைப் பலரும் முக்கியமாக எடுத்துக்கொள்ளத் தொடங்கினார்கள்.

பொதுவான வரம்பு இது: கரையும் சல்பேட் 0.3 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. 0.3-க்கும் 0.8-க்கும் நடுவில் என்றால் நிறைய நீர் விட்டு நீண்ட நாள் ஊறவிட்டு, படிகம் வளர்வதென்றால் கெட்டிப்படுத்தும் முன்பே வளர்ந்து தொலையட்டும் என்று வேலையைத் திட்டமிட வேண்டும். 0.8-ஐத் தாண்டினால் வேறு வழி பார்ப்பதே நல்லது. ஒரே ஒரு மாதிரியை எடுத்துச் சோதித்துவிட்டு நிம்மதியாகிவிட வேண்டாம். ஜிப்சம் ஓரிடத்தில் திட்டாக இருக்கும், நூறு மீட்டர் தள்ளி இல்லாமலே போகும். குழி வெட்டும்போது மண்ணில் கண்ணாடிச் சில் போல மினுக்கும் படிகங்கள் தென்பட்டால், அந்த இடத்து மண்ணைத் தனியாகப் பையில் கட்டி அனுப்புங்கள்.

எத்தனை சதவீதம் போட வேண்டும்?

மண்ணின் உலர் எடையில் பெரும்பாலும் 3 முதல் 8 சதவீதத்துக்குள் அமையும். சேற்றைக் கொஞ்சம் உலர்த்தி வண்டி நகர வைத்தால் போதும் என்றால் 1 முதல் 3 சதவீதம் போதும். ஆனால் அதை நிரந்தரப் பலம் என்று வடிவமைப்பில் கணக்குக் காட்டக் கூடாது.

தொடக்க அளவைக் கண்டுபிடிக்க ஈட்ஸ், கிரிம் என்ற இருவர் 1966-ல் ஓர் எளிய சோதனை தந்தார்கள். சலித்த மண்ணைச் சிறு சிறு பங்காகப் பல குப்பிகளில் போட்டு, ஒவ்வொன்றிலும் 2, 3, 4, 5 சதவீதம் என்று சுண்ணாம்பைக் கூட்டிக்கொண்டே போய், தண்ணீர் விட்டு, ஒரு மணி நேரம் அவ்வப்போது குலுக்கி, பி.எச். பார்ப்பது. எந்தக் குறைந்த சதவீதத்தில் பி.எச். 12.4-ஐத் தொடுகிறதோ அதுதான் தொடக்கப் புள்ளி. மண்ணின் உடனடிப் பசி தீர்ந்து, மெதுவான இறுக்கத்துக்கும் சுண்ணாம்பு மீந்திருக்கிறது என்று அதற்குப் பொருள்.

இந்தச் சோதனை ஒரே நாளில் முடிந்துவிடும் என்பதால் பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது தப்பு. பி.எச். ஏறியது என்றால் பலம் வரும் என்று உறுதி கிடையாது. சில மண்களில் சுண்ணாம்போடு வினைபுரியும் சிலிக்கா குறைவு. அதனால் அந்த அளவிலும் அதற்கு ஒன்றிரண்டு சதவீதம் மேலேயும் உருளைகள் வார்த்து அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். அவசரமென்றால் உருளைகளை ஈரம் போகாமல் கட்டி 40 டிகிரி செல்சியஸில் 7 நாள் வைத்து, பிறகு அடியிலிருந்து நீர் ஏறவிட்டுச் சோதிப்பார்கள். அதோடு நான்கு நாள் ஊறவைத்த சி.பி.ஆர். மதிப்பும் (மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று காட்டும் எண்), ஊதல் அளவும் வேண்டும். காய்ந்த மாதிரியின் பலத்தை மட்டும் காட்டும் அறிக்கையை நம்பாதீர்கள். களிமண் காய்ந்திருக்கும்போது எல்லாமே கல்தான்.

சதவீதம் சரி, தரையில் எத்தனை மூட்டை?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அடுக்கின் தடிமன் கெட்டிப்படுத்திய பின் 150 மி.மீ., மண்ணின் உலர் அடர்த்தி கன மீட்டருக்கு 1,600 கிலோ, சுண்ணாம்பு 4 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் மண் 240 கிலோ. அதில் 4 சதவீதம் 9.6 கிலோ. சாலை அகலம் 3.75 மீட்டர் என்றால் நீளத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் 36 கிலோ. ஒரு கிலோமீட்டருக்கு 36 டன்.

25 கிலோ மூட்டைகளாக வந்தால் சுமார் 70 செ.மீ. இடைவெளிக்கு ஒரு மூட்டை. இந்த எண்ணை மேஸ்திரியிடம் வாயால் சொல்லாமல், நூல் கட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கட்டங்களாகவே பிரித்துக் கொடுத்துவிடுங்கள். கட்டத்துக்கு ஒரு மூட்டை, அந்தக் கட்டத்துக்குள்ளேயே வாரிப் பரப்ப வேண்டும். மேற்பார்வையாளர் நடந்துபோகும்போதே எங்கே மூட்டை விட்டுப்போனது என்று தெரிந்துவிடும்.

தூய்மையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆய்வகத்தில் சோதித்த அதே சுண்ணாம்புதான் களத்துக்கும் வருகிறது என்றால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். வேறு சூளையிலிருந்து வந்தால் அதன் தரத்துக்கேற்ப அளவைத் திருத்த வேண்டும்.

வேலை எந்த வரிசையில் நடக்க வேண்டும்?

பழைய சாலையின் மேல்மட்டத்தைக் கிளறி, வேர், குப்பை, பெரிய கல் எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டு மண்ணைத் தூளாக்குவது முதல் வேலை. பழைய சரளையும் சிறு ஜல்லியும் கலந்து வந்தால் வரட்டும், நல்லதுதான். மொத்தத்தில் களியின் பங்கு மாறுகிறது என்பதால் அந்தக் கலவையையே சோதனைக்கு அனுப்பியிருக்க வேண்டும். பிறகு சுண்ணாம்பைப் பரப்பி, தண்ணீர் விட்டு முதல் கலவை. அப்புறம் ஊறவிடுவது. ஊறியதும் இரண்டாம் கலவை. அதன் பிறகு ரோலர், மட்டம் தட்டும் கிரேடர், கடைசியில் ஈரம் காயாமல் காத்து இறுகவிடும் கியூரிங்.

எங்கே சறுக்குகிறது என்று கேட்டால் தயங்காமல் தூளாக்குவதில் என்பேன். முட்டி அளவு மண்கட்டியின் மேல் வெள்ளைத் தூள் பூசியிருக்கும், உடைத்தால் உள்ளே அதே பழைய களி. அந்தக் கட்டி ரோலருக்கு அடியில் நசுங்கி மறைந்துவிடும், மழைக்காலத்தில் அந்த இடம் குழியாகும். கல்லைத் தவிர்த்துப் பார்த்தால் இறுதிக் கலவை முழுவதும் 25 மி.மீ. சல்லடையிலும், 60 சதவீதமாவது 4.75 மி.மீ. சல்லடையிலும் இறங்க வேண்டும் என்பது வழக்கமான விதி. சல்லடையைக் களத்துக்கே கொண்டுபோய்ச் சலித்துப் பார்ப்பது பத்து நிமிட வேலை. இன்னும் ஒரு சதவீதம் சுண்ணாம்பு கூட்டுவதைவிட இன்னும் இரண்டு முறை கலப்பையை ஓட்டுவது பலன் தரும்.

தண்ணீர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். வினை நடக்க நீர் வேண்டும், ஆவியாவதற்கும் கொஞ்சம் போகும். மண் நன்றாக இறுகுவதற்கு உகந்த ஈரத்தைவிட இரண்டு மூன்று சதவீதம் கூடுதலாக வைத்துத் தொடங்குவதே வழக்கம்.

ரோலரில் முதலில் உருளையைச் சுற்றிக் குளம்பு போன்ற முட்டுகள் உள்ள ஆட்டுக்கால் ரோலர், அடியிலிருந்து இறுக்கிக்கொண்டு மேலே வரும். முடிவில் வழவழப்பான உருளை. கிரேடரால் மட்டம் தட்டும்போது மேட்டைச் சீவி எடுக்கலாம். பள்ளத்தை மெல்லிய மண் பூசி நிரப்பக் கூடாது. அந்தப் பூச்சு அடியோடு ஒட்டாது, கொஞ்ச நாளில் செதில் செதிலாக உரிந்துவரும்.

ஊறவிடுவதற்கு எத்தனை நாள்? அன்றே ரோலர் போட்டால் என்ன?

களி குறைவான மண்ணுக்குச் சில மணி நேரம் போதும். கனமான களிக்கு ஒரு நாள் முதல் மூன்று நாள், சில சமயம் ஒரு வாரம். முதல் கலவையில் உடையாத கட்டிகளுக்குள் சுண்ணாம்பு மெல்ல ஊடுருவி அவற்றை இளக்குவதற்கான அவகாசம் இது. சுட்ட சுண்ணாம்பு என்றால் இன்னொரு காரணமும் உண்டு: நீறாத கல் ஏதாவது உள்ளே இருந்தால் அது ரோலர் போட்ட பிறகு நீறி, அந்த இடத்தை மட்டும் பிளந்துவிடும்.

ஆனால் ஊறட்டும் என்று மேலே திறந்துபோட்டு வாரக்கணக்கில் மறந்துவிடவும் கூடாது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்பைத் திரும்பவும் கார்பனேட் ஆக்கிவிடும். சுடுவதற்கு முன் என்னவாக இருந்ததோ அதுவாகவே போய்விடும். அதனால் ஊறும் நாட்களில் லேசாக ரோலர் ஓட்டி மேற்பரப்பை மூடி, ஈரமாக வைத்திருப்பார்கள்.

எத்தனை முறை ரோலர் ஓட்டினாலும் அடர்த்தி வரவில்லை. என்ன செய்வது?

எந்த எண்ணோடு ஒப்பிடுகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். சுண்ணாம்பு கலந்த மண்ணின் உச்ச உலர் அடர்த்தி, கலக்காத மண்ணைவிடக் குறைவு. உகந்த ஈரம் அதிகம். திரண்ட துகள்களுக்கு இடையில் இடைவெளி கூடுவதால் வருவது இது. இந்த இரண்டையும் ஆய்வகத்தில் கண்டுபிடிப்பது பிராக்டர் சோதனை. கலக்காத மண்ணில் செய்த பிராக்டர் சோதனையை வைத்துக்கொண்டு அந்த அடர்த்தியில் 95 சதவீதம் கேட்டால் ரோலர் தேய்ந்தாலும் வராது. கலந்து, களத்தில் விடும் அளவுக்கு ஊறவிட்ட மண்ணிலேயே பிராக்டர் சோதனை செய்து, அந்த எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். இதில் ஒப்பந்தக்காரருக்கும் மேற்பார்வையாளருக்கும் வீணாக நடக்கும் சண்டைகள் ஏராளம்.

அது சரியாக இருந்தும் வரவில்லை என்றால் ஈரத்தைப் பாருங்கள். அதுவும் சரி என்றால் இந்த அடுக்குக்கு அடியில் இருக்கும் மண்ணே சொதசொதப்பாக இருக்கலாம். அடியில் தாங்குதல் இல்லாமல் மேலே எதையும் இறுக்க முடியாது.

உள்ளே வரை கலந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஃபீனால்ஃப்தலீன் கரைசல் ஒரு குப்பி போதும். ரோலர் போடும் முன், கலந்த இடத்தில் முழங்கை ஆழத்துக்குச் செங்குத்தாக ஒரு குழி வெட்டி, குழியின் சுவரில் மேலிருந்து கீழ்வரை தெளியுங்கள். சுண்ணாம்பு இருக்கும் இடமெல்லாம் பளிச்சென்று இளஞ்சிவப்பாகும். எந்த ஆழத்தில் நிறம் நிற்கிறதோ அங்கே கலவை நின்றிருக்கிறது. டேப் வைத்து அளந்துவிடலாம். நடுவே நிறம் ஏறாத திட்டுகள் தெரிந்தால் அவைதான் உடையாத கட்டிகள்.

ஒரு எச்சரிக்கை. நிறம் வந்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்றுதான் பொருள், போதுமான அளவு இருக்கிறது என்று பொருளில்லை. ஒரு சதவீதமும் சிவக்கும், ஆறு சதவீதமும் சிவக்கும். அளவுக்கு மூட்டைக் கணக்குத்தான் சாட்சி.

பரப்பிய பிறகு மழை வந்துவிட்டால்?

தூறல் என்றால் கலக்குவதைத் தொடரலாம், நீர் விடும் வேலை மிச்சம். கொட்டும் மழை வரும் என்று தெரிந்தால் பரப்பவே கூடாது. பரப்பிக் கலக்காத தூள் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய்விட்டால் அந்த இடத்தில் எவ்வளவு மிச்சம் என்று யாராலும் சொல்ல முடியாது. திரும்பப் பரப்புவதைத் தவிர வழியில்லை. அன்றைக்குக் கலக்க முடிகிற நீளத்துக்கு மட்டும் பரப்புங்கள். காற்று பலமாக அடிக்கும் நாளும் உதவாது. கடும் குளிரிலும் இறுக்கம் ஏறக்குறைய நின்றுபோகும். 10 டிகிரிக்குக் கீழே வேகம் மிகவும் குறையும்.

எப்போது வண்டி விடலாம்?

மூன்று முதல் ஏழு நாள் ஈரம் காயாமல் காக்க வேண்டும். தண்ணீர் தெளிக்கலாம், அல்லது பிட்டுமன் கரைசல் அடித்து மூடிவிடலாம், அல்லது அடுத்த அடுக்குச் சரளையைப் பரப்பிவிடலாம். ஊரில் வேறு பாதையே இல்லை, பைக்கும் மிதிவண்டியும் போயே ஆக வேண்டும் என்றால் ஒரு ஓரமாக விடலாம். கனரக வண்டியைத் தடுத்தே ஆக வேண்டும். கல் ஏற்றிய லாரி ஒன்று முதல் நாள் ராத்திரி போனால் போதும், தடம் அப்படியே இறுகி நிற்கும்.

இதன் மேலேயே சாலையாக ஓட்டிக்கொள்ளலாமா?

கூடாது. சுண்ணாம்பு மண் பாரத்தைத் தாங்கும், தேய்மானத்தைத் தாங்காது. சக்கரம் படப்படப் புழுதியாகப் பறக்கும். மேலே சரளையோ ஜல்லியோ தார்ப்பூச்சோ ஒன்று வேண்டும்.

சிமெண்டு போட்டால் இன்னும் சீக்கிரம் இறுகுமே?

மணல், சரளை, களி குறைந்த மண் என்றால் சிமெண்டுதான் சரி. கனமான களியில் சிமெண்டைச் சீராகக் கலக்கவே முடியாது, தவிர சிமெண்டு காத்திருக்காது: நீர் பட்டு இரண்டு மணி நேரத்துக்குள் ரோலரை முடித்தாக வேண்டும். டிராக்டர் ஒன்று நின்றுபோனால் அன்றைய வேலை வீண். சுண்ணாம்பு இந்த விஷயத்தில் பொறுமைசாலி. பாதியில் நின்றால் மூடிவைத்துவிட்டு மறுநாள் தொடரலாம். இரண்டையும் சேர்ப்பதும் உண்டு. முதலில் கொஞ்சம் சுண்ணாம்பால் களியை இளக்கி, பிறகு சிமெண்டு. களி குறைந்த வண்டலுக்குச் சுண்ணாம்போடு அனல்மின் நிலையச் சாம்பலைச் சேர்ப்பார்கள். மண்ணில் இல்லாத சிலிக்காவைச் சாம்பல் தருகிறது.

பெரிய இயந்திரம் இல்லாத ஊரில் முடியுமா?

முடியும். டிராக்டர், சட்டிக்கலப்பை, ரோட்டவேட்டர், தண்ணீர் டேங்கர், ரோலர் இருந்தால் போதும். ரோட்டவேட்டரை நம்பினால் ஒரே தடவையில் 150 மி.மீ-க்கு மேல் ஆசைப்படாதீர்கள்; அதற்கு மேல் வேண்டுமென்றால் இரண்டு அடுக்காகச் செய்யுங்கள். கலப்பை ஒரே திசையில் போனால் வரிவரியாகக் கலக்காமல் நிற்கும். அதனால் போகும்போது ஒரு தடம், வரும்போது கொஞ்சம் தள்ளி இன்னொரு தடம்.

சுண்ணாம்பு போட்டும் ஓரத்தில் நீளமாக விரிசல் விட்டதே?

நீங்கள் தேற்றியது மேலே உள்ள 150 அல்லது 300 மி.மீ. மண்ணை மட்டும்தான். அதற்கு அடியில் இருக்கும் ஊதும் களி பருவத்துக்குப் பருவம் பெருத்துச் சுருங்கிக்கொண்டேதான் இருக்கும். சாலையின் நடுப்பகுதி மூடியிருப்பதால் அங்கே ஈரம் அதிகம் மாறாது. ஓரம்தான் வெயிலில் காய்ந்து மழையில் ஊறும். விரிசல் அங்கே வருவது அதனால்தான். பக்கத்தில் பெரிய மரம் இருந்தால் வேர் நீரை இழுத்து இன்னும் மோசமாக்கும். தேற்றிய அடுக்கைச் சாலை விளிம்பைத் தாண்டி இருபுறமும் 30 செ.மீ-யாவது நீட்டிப் போடுவதும், ஓரத்தில் நீர் தேங்காமல் பார்ப்பதும் இதைக் குறைக்கும்.

வடிகாலைப் பற்றித் தனிக் கேள்வி யாரும் கேட்பதில்லை, அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாலைக்கு நடுவில் உயர்வும் இருபுறம் வாட்டமும் பக்கக் கால்வாயும் இல்லையென்றால் சுண்ணாம்புக்குச் செலவழிப்பதை விட்டுவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள். பட்ஜெட் ஒன்றுக்குத்தான் வரும் என்றால் என் ஓட்டு கால்வாய்க்கு.

உண்மையில் நெடுநாள் நிற்குமா?

சரியாகச் செய்த இடங்களில் நிற்கிறது. கலிபோர்னியாவின் ஃப்ரையண்ட்-கெர்ன் கால்வாயில் ஊதும் களியாலான கரை சரிந்துகொண்டே இருந்தது. 1970-களில் அந்த மண்ணிலேயே 4 சதவீதம் சுட்ட சுண்ணாம்பு கலந்து கரையைத் திரும்பக் கட்டினார்கள். நீர் ஓடும் கால்வாயில் அது பல ஆண்டுகள் கரையாமல் நின்றது. 1974-ல் திறந்த டல்லாஸ்-ஃபோர்ட் வொர்த் விமான நிலையத்தின் ஓடுபாதைகளுக்கு அடியிலும் சுண்ணாம்பால் தேற்றிய களிதான் இருக்கிறது. சுண்ணாம்பைக் குறைவாகப் போட்ட இடங்களில்தான் பலன் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோவதைப் பார்க்கலாம்: பி.எச். இறங்கியதும் பிணைப்பு வளர்வது நின்றுவிடும்.

வேலையாட்களுக்கு என்ன ஆபத்து?

சுட்ட சுண்ணாம்பு வியர்வை பட்ட தோலிலேயே நீறத் தொடங்கும். வெப்பத்தாலும் காரத்தாலும் புண்ணாக்கும். நீற்றிய தூள் அவ்வளவு சுடாது, ஆனால் கண்ணில் விழுந்தால் பார்வைக்கே ஆபத்து. பக்கமும் மூடிய கண்ணாடி, முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை, பூட்ஸ் எல்லாம் வேண்டும். பேண்ட்டைப் பூட்ஸுக்குள் செருகாமல் வெளியே விட வேண்டும், இல்லையென்றால் தூள் உள்ளே இறங்கித் தங்கும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று பரப்ப வேண்டும்.

தோலில் பட்டால் முதலில் உலர்ந்த துணியால் தூளைத் தட்டிவிட்டு, பிறகு நிறைய ஓடும் நீரில் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் யோசிக்காமல் உடனே 15 நிமிடத்துக்குக் குறையாமல் சுத்தமான நீரை ஊற்றிக் கழுவிக்கொண்டே இருந்து, அப்புறம் மருத்துவரிடம் போக வேண்டும். இதற்கென்று குடிநீர்க் கேன் ஒன்று களத்தில் தனியாக இருக்கட்டும். டேங்கர் தண்ணீர் அடுத்த தெருவில் நிற்கும்போதுதான் தேவைப்படும்.

பக்கத்து வயலும் குளமும் கெட்டுப்போகுமா?

கலந்து இறுக்கிய பிறகு அனேகமாகப் பிரச்சினை இல்லை. சுண்ணாம்பு மண்ணோடு பிணைந்துவிடுகிறது, அங்கிருந்து அதிகம் நகராது. ஆபத்து வேலை நடக்கும் நாட்களில்தான். கலக்காத தூளை மழை அடித்துக் குளத்தில் சேர்த்தால் நீரின் பி.எச். சட்டென்று ஏறி மீன் செத்து மிதக்கும். நீர்நிலையை ஒட்டிய பகுதியில் தாழ்வான பக்கத்தில் சிறு மண்வரப்பு போட்டு ஓட்டத்தைத் தடுத்துவிடுங்கள். மூட்டைகளை நீர்நிலையிலிருந்து தள்ளி, மேட்டில், பலகைமேல் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். காலி மூட்டைகளையும் கால்வாயில் உதறாமல் கலவை நடக்கும் இடத்திலேயே உதறச் சொல்லுங்கள்.